முப்பத்தோராவது கேள்வி

கஜந்தினியின் ஆய்வுக்கு இருபத்துமூன்று பேர் பதில் அனுப்பியிருந்தார்கள். இருபத்துமூன்று பேரும் புனிதர்கள்.

ஏழாவது கேள்வி: சமூக ஊடகங்களில் பாலியல் சார்ந்த எதையாவது பார்த்ததுண்டா? இருபத்துமூன்று 'இல்லை'. பன்னிரண்டாவது கேள்வி: காதல், உடலுறவு பற்றிய உங்கள் எண்ணங்களைச் சமூக ஊடகங்கள் மாற்றியுள்ளனவா? இருபத்துமூன்று 'இல்லை'. சமூக ஊடகங்களை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதற்கு இருபத்திரண்டு பேர் 'விரிவுரைக் குறிப்புகள்' என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும் 'தேவாரம்' என்று எழுதியிருந்தார்.

கம்பஸ் கன்ரீனில் எதிரே றூபன் இருந்து வடை தின்றுகொண்டிருந்தான். ஒரே பட்ச். அவனுக்கு இன்ஸ்ராகிராமில் மூன்று கணக்குகள். ஒன்றில் கோயில் படம் போடுவான். இரண்டாவது நண்பர்களுக்கு. மூன்றாவதைப் பற்றி அவன் கதைப்பதில்லை.

"நீ நிரப்பினனீயே?" என்று கேட்டாள்.

"ஓம். உண்மையாத்தான் நிரப்பினனான்."

"ஏழாவதுக்கு இல்லை எண்டு போட்டது நீயுமோ?"

"பேர் கேக்கேல்லைத்தானே? பிறகு நான்தான் எண்டு எப்பிடிச் சொல்லுறாய்?"

"இருபத்துமூண்டும் இல்லை எண்டுதானடா கிடக்கு."

றூபன் யோசித்தான். மேசையில் இருந்த போனை மெல்லக் கவிழ்த்து வைத்தான். "அப்ப எங்கடை பட்ச் நல்ல பட்ச்தானே?" என்றான்.

பக்கத்தில் இருந்த ஷாமினி சிரித்தாள். அவள் மயிலிட்டிப் பெடியன் ஒருவனை ஏழு மாதமாக இன்ஸ்ராகிராமில் காதலிக்கிறாள். நேரில் இரண்டு தரம் சந்தித்திருக்கிறார்கள். இரண்டு தரமும் இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

"ஆரடி உண்மை சொல்லுவினம்?" என்றாள் ஷாமினி. "போன வருசம் அந்த ஜூனியர் பிள்ளை ஒருத்தனுக்குப் போட்ட மெசேச்சை ஸ்கிரீன்ஷொட் எடுத்து எத்தினை குறூப்பிலை விட்டவங்கள்? அவள் ஒரு செமஸ்டர் முழுக்க வரேல்லை. நீ என்னெண்டால் லிங் அனுப்பி, பாத்தியோ, செய்தியோ எண்டு கேக்கிறாய்."

"பாக்கிறதெல்லாம் பாக்கிறியள். சொல்லத்தான் ஏலாது."

"பாத்தது போனுக்குள்ளை கிடக்கும். சொன்னது வெளியிலை போயிடும்."



கஜந்தினிக்கு இது சமூகவியல் இறுதி வருடம். ஆய்வின் தலைப்பு, 'பல்கலைக்கழக மாணவரின் பாலியல் மனப்பாங்கிலும் நடத்தையிலும் சமூக ஊடகங்களின் செல்வாக்கு'. அவள் விரும்பி எடுத்த தலைப்பல்ல. துண்டு குலுக்கி எடுத்தபோது கைக்கு வந்தது. ஆகக் குறைந்தது நூறு பேரின் பதில் வேண்டும் என்று மேற்பார்வையாளர் லெனாட் சேர் சொல்லியிருந்தார். இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது. தவறினால் பட்டம் அடுத்த வருடம்.

வீட்டில் அவள் தலைப்பைச் சொல்லவில்லை. 'ஆய்வு' என்று மட்டும் சொல்லியிருந்தாள். அப்பா இந்தக் கேள்விகளை வாசித்தால் அடுத்த வருடமும் பட்டம் இல்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அன்று பின்னேரம் இணையப் படிவமான அந்தப் போமின் தலைப்பில் மூன்று வரி சேர்த்தாள். 'பெயர் தேவையில்லை. மின்னஞ்சல் சேகரிக்கப்படாது. உங்கள் பதில்கள் முற்றிலும் இரகசியமாகப் பேணப்படும்.'

அதைப் பார்த்துப் பட்ச் கலங்கியது. இவ்வளவு சொல்லுகிறாள் என்றால் ஏதோ இருக்கிறது என்று முடிவெடுத்தார்கள். புதிதாக ஒருவரும் நிரப்பவில்லை. ஏற்கெனவே நிரப்பியவர்களில் நாலு பேர் தங்கள் பதிலை அழித்துவிடும்படி கேட்டார்கள். எது யாருடைய பதில் என்று தெரியாததால் அழிக்க முடியாது என்று அவள் விளங்கப்படுத்தினாள். அவர்கள் நம்பவில்லை.

பிறகு ஒரு திருத்தம் செய்தாள். முதல் கேள்வியாக 'நான் ஒரு பல்கலைக்கழக மாணவர்' என்று போட்டு, 'ஓம்' என்று அடையாளமிட்டால்தான் உள்ளே விடும்படி வைத்தாள். ஆய்வு என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று புத்தகம் சொன்னது. விலை குறைந்த போனில் இது ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்ப்பதற்காக லிங்கை அப்பாவின் போனுக்கு அனுப்பித் திறந்து பார்த்தாள். திறந்தது. மூடினாள். அனுப்பிய லிங்கை அழிக்க மறந்துபோனாள்.

சண்டிலிப்பாய்ச் சந்தியில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் வீடு. அப்பா ஏரம்பு புகையிலையும் வெங்காயமும் பயிர்செய்கிறவர். சாப்பிடும்போது போனைத் தண்ணிச் செம்பில் சாய்த்து வைத்து ஏதாவது பார்த்துக்கொண்டு இருப்பார். அம்மா பூரணம் கறி போடுவா. போன் கதைப்பதால் அவர்கள் இரண்டு பேரும் கதைப்பதில்லை. சண்டை ஒன்றுமில்லை. பழக்கம்தான்.

"ஏன் பிள்ளை முகம் உப்பிடிக் கிடக்கு?" என்று அன்றைக்கு அப்பா கேட்டார்.

"ஆய்வுக்குப் போம் நிரப்ப ஆக்கள் காணாது, அப்பா."

"எத்தினை பேர் வேணும்?"

"நூறு."

"நூறோ? உதுக்கே?" அப்பா போனைப் பார்த்தபடி சிரித்தார்.

அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸுக்குள் இருந்து பார்த்தபோது புதிதாக வந்த பதில்கள் இருநூற்றுப் பதினாலு. கஜந்தினிக்குக் கண் கலங்கியது. பட்ச் கைவிடவில்லை என்று நினைத்தாள். பிறகு வாசிக்கத் தொடங்கினாள்.

'எத்தனையாம் ஆண்டில் கற்கிறீர்கள்?' என்ற கேள்விக்கு ஒருவர் 'நாலாம் வகுப்பு' என்று எழுதியிருந்தார். 'பாலியல் பற்றி முதன்முதலில் எங்கு அறிந்தீர்கள்?' என்பதற்கு ஒருவர், 'புகையிலைக் கொட்டிலில் மச்சான் சொன்னவன். பிழையாகச் சொன்னவன் என்று கலியாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது' என்று எழுதியிருந்தார். 'உங்கள் துணையைச் சமூக ஊடகத்தில் சந்தித்தீர்களா?' என்பதற்கு 'இல்லை. சாதகம் பொருந்தியது.' 'சமூக ஊடகங்களில் பார்க்கும் உடல்கள், உங்கள் உடல் பற்றிய எண்ணத்தைப் பாதித்துள்ளனவா?' என்பதற்கு 'முழங்கால் வருத்தம் அதற்கு முதலே இருந்தது.'

இருநூற்றுப் பதினாலு பேரும் தாங்கள் பல்கலைக்கழக மாணவர் என்று அடையாளமிட்டிருந்தார்கள்.

அவள் அடுத்த தரிப்பில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தாள். அப்பா தோட்டத்தில் பாத்தி கட்டிக்கொண்டு நின்றார்.

"அப்பா, நீங்கள் லிங்கை ஆருக்கும் அனுப்பினனீங்களோ?"

"ஆருக்குமோ? எல்லாருக்கும் அனுப்பினனான்."

போனை வாங்கிப் பார்த்தாள். ஊரவர் குறூப்பில் நானூறு பேருக்கு மேல். ஊரில் அரைவாசி, ரொறன்ரோ, பாரிஸ், சூரிச் என்று மிச்சம். அப்பாவின் செய்தி இப்படி இருந்தது: 'எங்கள் பிள்ளையின் கம்பஸ் படிப்புக்கு இந்த போமை எல்லோரும் அவசரமாக நிரப்பவும். ஒருவரும் வாசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். முதலாவதுக்கு ஓம் என்று போட்டால்தான் உள்ளே விடும்.' கீழே கும்பிடும் கைகள் ஆறு.

"நீங்கள் வாசிச்சனீங்களோ?"

"நான் ஏன் வாசிக்கிறது? உன்ரை படிப்பிலை நான் எப்பவாவது தலையிட்டனானோ?"

அது உண்மை. ஒவ்வொரு தை மாதமும் அவளுடைய கொப்பிகளுக்கு மண்ணிறத் தாளில் உறை போட்டுக் கொடுப்பார். உள்ளே ஒருநாளும் பார்த்ததில்லை. ஊரும் அப்படித்தான். பிள்ளையின் படிப்பு என்றால் என்ன படிப்பு என்று ஒருவரும் கேட்பதில்லை.

"மாணவர்தான் நிரப்பவேணும், அப்பா. மற்றாக்கள் நிரப்பக்கூடாது எண்டு போடுங்கோ."

"சரி, போடுறன். நீ கம்பசுக்குப் போ."

அப்பா போட்டார்: 'முந்தி நிரப்பினது சரிவராது என்று பிள்ளை சொல்லுகிறது. எல்லோரும் இன்னொருக்கா நிரப்பவும்.'

மத்தியானம் பதில்கள் நானூற்று முப்பத்தொன்று.

கஜந்தினி போமை மூடினாள். ஒருவரும் திறக்க முடியாதபடி மூடினாள். பின்னேரமே ரொறன்ரோவிலிருந்து அழைப்புகள் வந்தன. போம் திறக்குதில்லை, பிள்ளையின்ரை படிப்பு குழம்பிப் போச்சுதோ, கம்பஸில் ஆரும் பிரச்சினை குடுக்கினமோ என்று கேட்டார்கள். ஊரில் பெரிய போன் இல்லாதவர்கள் வேறு, தங்களை ஏன் விட்டது என்று அப்பாவை ஒழுங்கையில் மறித்துக் கேட்டார்கள்.

அவள் அம்மாவிடம் சொன்னாள். "அப்பாவைச் சும்மா இருக்கச் சொல்லணை."

"நான் சொல்லி எந்தக் காலத்திலை கேட்டவர்?" என்றா அம்மா. சொல்லவும் இல்லை.

லெனாட் சேர் திருத்திக் கொடுத்த கேள்விப் பிரதி ஒன்று மேசையில் மண்ணிற உறைக்குள் கிடந்தது. அவர் சிவப்பு மையில் ஏதேதோ எழுதியிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். திறந்து பார்க்க நேரம் கிடைக்கவில்லை. புதன்கிழமை தேடியபோது அது அங்கே இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பின்னேரம் அப்பா சைக்கிளில் ஓர் உரப்பையோடு வந்தார். கழுவிக் காயவைத்த பை. அதைக் கதவடியில் இறக்கினார்.

"நூற்றிப் பன்னிரண்டு," என்றார். "நூறு காணும் எண்டனீ. பன்னிரண்டு கூடக் கிடக்கு."

உள்ளே நூற்றிப் பன்னிரண்டு போம்கள் இருந்தன. சந்தியில் உதயகலா வைத்திருக்கும் கொமினிகேசன் கடையில் ரைப் பண்ணிப் பிரதி எடுத்தவை. ஒவ்வொன்றிலும் முழுப்பெயர். விலாசம். அடையாள அட்டை இலக்கம். கையொப்பம். கையெழுத்து வைக்கத் தெரியாத இரண்டு பேர் பெருவிரல் அடையாளம் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஊதா நிறத்தில் கிராம அலுவலரான விதானையாரின் முத்திரை. 'மேற்கூறிய விபரங்கள் யாவும் எனக்குத் தெரிந்தவரை உண்மையென உறுதிப்படுத்துகிறேன்.'

கஜந்தினி கதிரையில் இருந்தாள்.

"பேர் ஏன் போட்டவை, அப்பா?"

"பேர் போடாத போமை எந்த அரசாங்கக் கந்தோரிலை பிள்ளை எடுப்பினம்?"

"விதானையார் ஏன் சீல்?"

"விதானையாற்றை சீல் இல்லாட்டி அது வெறும் கடுதாசி." அப்பாவுக்கு இவ்வளவு படித்த பிள்ளைக்கு இது தெரியாதது கவலையாக இருந்தது.

அவர் சொன்னதில் பிழையில்லை. இந்த ஊர்ச் சனம் முப்பது வருடமாகப் போம் நிரப்பிய சனம். இடம்பெயர்ந்தால் போம், திரும்பி வந்தால் போம், நிவாரணத்துக்குப் போம், ஆடு செத்தால் போம். எத்தனை தலை, எத்தனை பானை, எத்தனை பேர் இல்லை என்று எல்லாம் கேட்டிருக்கிறார்கள். இதை மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டவுடன் எழுதிவிட்டார்கள். முத்திரை குத்தும் போமில் பொய் எழுதக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

"உறைக்குள்ளை கிடந்த பிரதி?" என்று கேட்டாள்.

"உறையோடைதான் உதயகலாட்டைக் குடுத்தனான். நான் திறக்கேல்லை."

அப்பா கிணற்றடிக்குப் போன பிறகு போம்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்பாவின் பெயரில் ஒன்றும் இருக்கவில்லை. அம்மாவின் பெயரிலும் இல்லை. அந்தளவுக்கு நிம்மதி.

பிறகுதான் கவனித்தாள். அவள் எழுதியவை முப்பது கேள்விகள். போமில் முப்பத்தொன்று இருந்தன.

'31. போனில் இதையெல்லாம் பார்த்த பிறகு உங்கள் வீட்டுக்காரரோடு ஒரு வார்த்தை கதைத்தீர்களா? இல்லையென்றால், என்ன கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டீர்கள்?'

லெனாட் சேர் சிவப்பு மையில் எழுதிய கேள்வி என்று விளங்கியது. மற்றக் கேள்விகளுக்கு ஒரு சொல் எழுதியவர்கள் இதற்குத் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதியிருந்தார்கள்.

அடுத்த நாள் காலை விதானையார் சுபாஸ் மோட்டார் சைக்கிளில் வந்தார். முப்பத்தைந்து வயது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

"தங்கச்சி, உந்தப் போமுகள் எங்கை? கச்சேரிக் கந்தோருக்கு அனுப்பிப் போட்டீரோ?"

"இல்லை, அண்ணை. கம்பசுக்குத்தான்."

அவர் கதிரையில் இருந்தார். "நேற்றுக் காணிப் போம், சமுர்த்தி நிவாரணப் போம் எல்லாம் ஒரே வரிசை. கொப்பர் கட்டோடை கொண்டந்து வைச்சார். பிள்ளையின்ரை படிப்பு எண்டார். நான் பாக்கேல்லை, குத்திக்கொண்டே போனன். இண்டைக்கு விடியவே ஒரு மனிசி படலைக்கு வந்து, 'பதினெட்டாவதுக்கு நான் போட்டது பிழை, திருத்தவேணும்' எண்டா. அப்பதான் பதினெட்டாவதை வாசிச்சனான்."

"பதினெட்டாவது வந்து, அண்ணை..."

"சொல்லவேண்டாம். எனக்குத் தெரிஞ்சவரை உண்மை எண்டு நூற்றிப் பன்னிரண்டு பேருக்குச் சீல் குத்தியிருக்கிறன். எனக்கு எப்பிடித் தெரியும் எண்டு ஆரும் கேட்டால் என்ன சொல்லுறது? இனி இந்த ஒழுங்கையாலை நான் என்னெண்டு போறது?"

"பேரையும் சீலையும் வெட்டிப்போட்டுத்தான் பாவிப்பன், அண்ணை. ஒருத்தருக்கும் காட்டமாட்டன்."

"சத்தியமாய்?"

"சத்தியமாய்."

விதானையார் எழுந்தார். படலை வரை போனார். திரும்பி வந்தார்.

"என்ரை மனிசியின்ரை போமும் உதுக்கை கிடக்கோ?"

"இரகசியம், அண்ணை."

"ஓம், ஓம். பாராதையும். எனக்குச் சொல்லவும் வேண்டாம்." ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "முப்பத்தோராவதுக்கு என்ன எழுதியிருக்கிறா எண்டு மட்டும்..."

"அண்ணை."

"சரி, நான் வாறன்."

வியாழக்கிழமை அவள் உரப்பையோடு பஸ்ஸில் கம்பசுக்குப் போனாள். கண்டக்டர் வெங்காயம் என்று நினைத்துப் பையைப் பின்னால் தூக்கிப் போட்டான்.

லெனாட் சேர் அறுபதை நெருங்குபவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். சேட்டின் கழுத்துப் பொத்தானையும் பூட்டுகிறவர். கஜந்தினி நடந்ததெல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கடைசியில், "நூறு மாணவர் இல்லை, சேர். இருபத்துமூண்டு மாணவரும் ஒரு உரப்பையும்தான்," என்றாள்.

அவர் பேர்ப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு வாசித்தார். ஒரு மணித்தியாலம் வாசித்தார். இடையில் ஒருக்கா மட்டும் சிரித்தார். அது எந்தப் போம் என்று அவளுக்குத் தெரிந்தது. 'அவர் ஆருடைய வீடியோ பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். அது பிரச்சினையில்லை. சத்தத்தைக் குறைத்துப் பார்க்கச் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை' என்று எழுதிய போம்.

"பேர் வேண்டாம் எண்டு நீர் கேட்ட இடத்திலை முழுக்கப் பொய்," என்றார் சேர். "பேரும் அடையாள அட்டையும் சீலும் கேட்ட இடத்திலை உண்மை. ஏன்?"

"பெடியள் ஸ்கிரீன்ஷொட்டுக்குப் பயம், சேர். சின்னனிலையிருந்து போனோடை வளந்ததுகள். அது என்ன செய்யும் எண்டு தெரியும்."

"ஊராக்கள்?"

"அவையளுக்குப் போம் எண்டால் கந்தோர். கந்தோர் ஆரையும் காட்டிக் குடுக்காது எண்டு இன்னும் நம்புகினம்."

"உதை அப்பிடியே எழுதும்." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆனால் மாணவர் நூறு பேர் வேணும். அதை நான் விடமாட்டன். இன்னும் எட்டு நாள் கிடக்கு. முப்பத்தோராவதை மட்டும் கேளும்."

"சேர்?"

"மற்ற முப்பதும் ஆரோ எழுதின புத்தகத்திலை கிடந்த கேள்வியள். துணை, உள்ளடக்கம், மனப்பாங்கு. ஆருக்கு விளங்கும்? அதுகள் என்ன பாத்தாய் எண்டு கேக்குது, விதானையார் விசாரிக்கிற மாதிரி. இது மட்டும்தான் என்ன கேக்காமல் விட்டாய் எண்டு கேக்குது. இது உம்மடை கேள்வி. நல்லாய் வந்திருக்கு."

"சேர், அது நீங்கள்..."

"நான் என்ன?"

அவருக்கு வயது போகிறது, எழுதினது மறந்துபோயிற்று என்று அவள் நினைத்தாள். பாராட்டு வருகிற இடத்தில் ஆளை மறிப்பதும் புத்தியில்லை. "ஒண்டுமில்லை, சேர்," என்றாள்.

வீட்டுக்காரர் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு 'உங்களுக்கு விருப்பமானவர்' என்று மாற்றி, ஒரேயொரு கேள்வியோடு பட்ச் குறூப்பில் போட்டாள். ஒன்றும் வராது என்றுதான் நினைத்தாள். முதல் நாள் ஏழு வந்தது. நாலாம் நாள் எழுபது தாண்டியது. அவர்கள் அதைத் தங்கள் ஜூனியர்களுக்கும் அனுப்பியிருந்தார்கள்.

'போனில் எல்லாரும் செய்வதுபோல் இருக்கிறது. எனக்கு விருப்பமில்லை என்று சொன்னால் போய்விடுவானோ என்று கேட்கவில்லை.'

'வீடியோவில் வருவதுபோல் நான் இல்லையே என்று அவள் நினைக்கிறாளா என்று கேட்க நினைத்தேன்.'

'கதைக்க ஆளில்லை. அதனால்தான் போன்.'

அந்தக் கடைசிப் பதில் றூபனுடையது. அவனே வந்து சொன்னான். போன் மேசையில் நிமிர்ந்து கிடந்தது. "ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஆருக்கும் அனுப்பினியெண்டால் கொல்லுவன்," என்றான். "பேர் கேக்கேல்லையே, நீயெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் அவள்.

ஷாமினி அந்தக் கேள்வியை மயிலிட்டிப் பெடியனுக்கு நேராக அனுப்பினாள். மூன்று நாள் பதில் இல்லை. ஷாமினி மூன்று நாளும் சாப்பிடவில்லை, வடையைத் தவிர. நாலாம் நாள் அவன் பஸ் பிடித்துக் கம்பஸ் வாசலுக்கு வந்து நின்றான். போனில் சார்ஜ் இல்லை என்றான். பின்னேரம் வரை கதைத்துக்கொண்டு இருந்தார்கள். திரும்பி வந்த ஷாமினி, "அவன் படத்திலை மாதிரி இல்லையடி. வாய் ஓயாமல் கதைக்கிறான்," என்றாள். முறைப்பாடா சந்தோசமா என்று தெரியவில்லை.

எட்டாம் நாள் மாணவர் பதில் நூற்று மூன்று. தலைப்பில் 'ஓர் ஒப்பீடு' என்று சேர்க்க லெனாட் சேர் சம்மதித்தார். போம்களில் இருந்த பெயர்களையும் முத்திரைகளையும் கஜந்தினி வீட்டில் இருந்து பிளேட்டால் வெட்டி எடுத்தாள். வெட்டிய துண்டுகளை அம்மா அடுப்பில் போட்டா. விதானையார் ஒழுங்கையில் நின்று புகையைப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த நாட்களில் வீட்டில் வேறொரு மாற்றமும் நடந்தது. அப்பா சாப்பிடும்போது செம்பில் தண்ணி மட்டும் இருந்தது.

"அப்பாவின்ரை போன் பழுதோ?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"இல்லை. உள்ளுக்கை கிடக்கு."

"பிறகு?"

"கொப்பர் இப்ப என்னோடை கதைக்கிறார்."

"என்ன கதைக்கிறவர்?"

"உனக்கேன் அது?" என்றா அம்மா. சொதியைக் கிண்டிக்கொண்டே சிரித்தா.

சமர்ப்பிப்பதற்கு முதல் நாள் கஜந்தினி ஆய்வேட்டைக் கட்டுவிக்க உதயகலாவின் கொமினிகேசனுக்குப் போனாள். ஒரு பிறிண்டர், ஒரு போட்டோப் பிரதி மெசின், இரண்டு கதிரை, ஒரு மின்விசிறி. சந்தியில் இருக்கும் ஒரே கடை என்பதால் ஊரின் எல்லாக் கடுதாசிகளும் உதயகலாவின் கையால்தான் போய்வரும். மரண அறிவித்தலிலிருந்து விசாப் போம் வரை அவளுக்குத் தெரியும். ஒன்றையும் வெளியில் சொல்லமாட்டாள் என்று பெயர்.

மூன்று பிரதிகளுக்கும் நீல மட்டை போட்டுக் கொடுத்தபோது உதயகலா கேட்டாள்.

"கம்பஸிலை என்ன சொன்னவை, தங்கச்சி?"

"நல்லாய் வந்திருக்கெண்டு சேர் சொன்னவர், அக்கா. முக்கியமாய் முப்பத்தோராவது கேள்வி."

"மெய்யே? நான் அண்டைக்கே நினைச்சனான்."

"அது என்ரை இல்லை, அக்கா. சேர் எழுதினதுதான். அவருக்கு மறந்துபோச்சு, நானும் சொல்லேல்லை."

உதயகலா மேசை லாச்சியைத் திறந்து மண்ணிற உறை ஒன்றை எடுத்து நீட்டினாள். "உது உம்மடை பிரதி. இஞ்சையே கிடந்தது."

கஜந்தினி உறையைத் திறந்தாள். சிவப்பு மையில் லெனாட் சேர் ஆறு இடத்தில் எழுத்துப் பிழை திருத்தியிருந்தார். ஓரிடத்தில் 'எழுவாய் எங்கே?' என்று கேட்டிருந்தார். வேறொன்றும் இல்லை. கேள்விகள் முப்பதில் முடிந்திருந்தன. அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"அப்ப முப்பத்தோராவது?"

உதயகலா எதிரே இருந்த கதிரையைக் காட்டினாள்.

"கொப்பர் உந்தக் கதிரையிலை இருந்து முப்பதையும் ரெண்டு தரம் வாசிச்சவர், தங்கச்சி. வாசிச்சு முடிச்சு, 'பிள்ளை எல்லாம் கேட்டிருக்கு, முக்கியமானதைத்தான் கேக்க மறந்துபோச்சு, நான் சொல்லுறன், நீர் ரைப் பண்ணும்' எண்டவர்."